தனிமையில் ஜெபம்: கோலாலம்பூர்க் கிறிஸ்தவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

செந்தூல் அடுக்குமாடியில் கணவரை இழந்து தனியாக இருக்கும் அம்மா. பிள்ளைகள் சிங்கப்பூரிலும் ஆஸ்திரேலியாவிலும். கெடாவிலிருந்து வேலைக்கு வந்து பிரிக்பீல்ட்ஸில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் தம்பி. ஊரே வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் இரவு ஷிஃப்ட் முடித்து வீடு திரும்பும் நர்ஸ். மாதம் தவறாமல் தமிழ்நாட்டுக்குப் பணம் அனுப்பிவிட்டு, விடுமுறை நாளில் என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருக்கும் தொழிலாளி. இவர்கள் எல்லோரும் நம் சபைகளில் இருக்கிறார்கள். கைகுலுக்கி "ஸ்தோத்திரம்" சொல்கிறோம். "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால் "கர்த்தர் கிருபையால நல்லா இருக்கேன்" என்பார்கள். பேச்சு அதோடு முடிந்துவிடும்.

அப்படிச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். "ஜெபம் பண்ணுங்க, எல்லாம் சரியாயிடும்" என்பதைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனவர்களுக்காகவும்தான். ஜெபம் உதவும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எங்கிருந்து தொடங்குவது, வாயில் வார்த்தையே வராத நாளில் என்ன செய்வது என்று யாரும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தருவதில்லை.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தனிமையில் செய்யும் ஜெபம் கடைசியில் நம்மை இன்னொரு மனிதரிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். வேதத்தில் ஆண்டவர் தனித்துப்போனவர்களை அப்படித்தான் நடத்துகிறார். கீழே உள்ள படிகளும் அந்த வரிசையில்தான் போகின்றன.

படி 1: முதலில் சாப்பிடுங்கள், தூங்குங்கள்

1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எலியா வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று கேட்கிறார். வந்த தேவதூதன் பிரசங்கம் செய்யவில்லை, அவிசுவாசம் என்று கடிந்துகொள்ளவும் இல்லை. தட்டி எழுப்பி, எழுந்து சாப்பிடு என்கிறான். தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் தலைமாட்டில் இருக்கின்றன. எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொள்கிறார். தூதன் இரண்டாம் முறையும் எழுப்பிச் சாப்பிட வைக்கிறான். அதற்கு அப்புறம்தான் ஓரேப் மலை, அங்கே அந்த மெல்லிய சத்தம்.

நான் ஒருவன்தான் மீதி என்று எலியா இரண்டு முறை சொல்கிறார். அதற்கு ஆண்டவர் இரண்டு பதில் தருகிறார்: இஸ்ரவேலில் இன்னும் 7,000 பேர் இருக்கிறார்கள், நீ போய் எலிசாவை அபிஷேகம்பண்ணு. சாப்பாடு, தூக்கம், வார்த்தை, அப்புறம் கூட நடக்க ஓர் ஆள்.

வீடு சந்திப்புக்குப் போகிறவர்களுக்கு இந்தக் காட்சி தெரிந்திருக்கும். ரைஸ் குக்கரில் நேற்று வைத்த சோறு. மேசையில் பாதி காலியான பிஸ்கட் டின், ஆடை படிந்த மைலோ கப். யாரும் பார்க்காமல் ஓடிக்கொண்டிருக்கும் டிவி. அதன் பக்கத்தில் பிளாஸ்டிக் உறை போட்ட வேதாகமம், உள்ளே பழைய ஆராதனைத் தாள்கள். சாப்பிட்டீர்களா என்றால், "ஒரு ஆளுக்கு என்னத்த சமைக்கிறது?" என்று ஒரு சிரிப்பு.

இன்றைக்கு ஒரே ஒரு வேளையாவது தட்டு வைத்து, டிவியை அணைத்து, உட்கார்ந்து சாப்பிடுங்கள். கடையில் கட்டிவந்த சாப்பாடானாலும் பொட்டலத்தைப் பிரித்துத் தட்டில் போடுங்கள். சாப்பாட்டு ஜெபத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள். பல வீடுகளில் அன்றைய நாளில் கேட்கும் முதல் மனிதக் குரல் அதுவாகத்தான் இருக்கும். இரவில் யூடியூப் பிரசங்கத்தை ஓடவிட்டபடி தூங்கும் பழக்கம் நிறைய பேருக்கு உண்டு. அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் அது கேட்பது மட்டும்தான். போனை வைத்துவிட்டு நீங்கள் இரண்டு வாக்கியம் பேசிவிட்டுப் படுங்கள்.

படி 2: உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்

நம் சபைகளில் வளர்ந்தவர்களுக்கு ஜெபம் என்றதும் மேடைத் தமிழ் வந்துவிடும். "எங்கள் பரம தகப்பனே, இந்த நல்ல வேளைக்காக உமக்குக் கோடி ஸ்தோத்திரம்" என்று தொடங்கி, நன்றி, துதி, நோயாளிகள், ஊழியர்கள் என்று வரிசையாகப் போய் ஆமென் சொல்லிவிடுவோம். நெஞ்சை அழுத்துகிற விஷயம் எதுவோ அதற்கு அந்த வரிசையில் இடமே இருக்காது.

வீட்டில் தனியாக இருக்கும்போது வீட்டுத் தமிழிலேயே பேசலாம். இப்படி:

"ஆண்டவரே, இன்னிக்குக் காலையிலிருந்து என்கூட ஒருத்தரும் பேசல. மகன் போன் பண்ணி ரெண்டு வாரம் ஆச்சு. அவன் மேல கோபமா இருக்கு. சொல்லப்போனா உங்க மேலயும் கோபமா இருக்கு. ராத்திரி வந்தா பயமா இருக்கு. கூட இருங்க."

இது ஒரு முழு ஜெபம்தான். இதற்குமேல் ஒன்றும் சேர்க்க வேண்டாம். ஆண்டவரிடம் கோபத்தைச் சொல்லலாமா என்று சிலர் தயங்குவார்கள். 13-ஆம் சங்கீதம் "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்றுதான் தொடங்குகிறது. 88-ஆம் சங்கீதம் இன்னும் கனமானது. நண்பர்களை என்னைவிட்டுத் தூரமாக்கினீர் என்று அவரையே குற்றம்சாட்டி, இருட்டிலேயே முடிந்துவிடுகிறது. கடைசி வரியில்கூட வெளிச்சம் இல்லை. அப்படியிருந்தும் அதை யாரும் வேதத்திலிருந்து எடுத்துவிடவில்லை. ஆண்டவராகிய இயேசுவே சிலுவையில், "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?" என்று 22-ஆம் சங்கீதத்தின் முதல் வரியைத்தான் எடுத்துக் கதறினார். அவர் சொன்ன வார்த்தையை நாம் சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டார்.

வாய்விட்டுப் பேசக் கூச்சமாக இருந்தால், ஒரு நோட்டில் தேதி போட்டு நான்கு வரி எழுதுங்கள்.

படி 3: வார்த்தை வராத நாளில் கடன் வாங்குங்கள்

சொந்த வார்த்தையில்தான் ஜெபிக்க வேண்டும் என்பது பிற்காலத்துப் பழக்கம். சபை நூற்றாண்டுகளாகச் சங்கீதங்களைக் கடன் வாங்கித்தான் ஜெபித்துவருகிறது. எந்த நேரத்துக்கு எது பொருந்தும் என்று நான் மற்றவர்களுக்குச் சொல்வது இதுதான்:

தூக்கம் வராத இரவில் 102. வீட்டின்மேல் தனித்திருக்கும் குருவியைப் போல இருக்கிறேன் என்ற வரி அதில்தான் வருகிறது. பதினோராவது மாடியில் ஜன்னலோரம் நிற்பவர்களுக்கு அதை விளக்கவே வேண்டாம். படுக்கப்போகும்போது 121, காக்கிறவர் உறங்குவதில்லை, தூங்குவதில்லை. படுத்த பின் ஒரே வரி, 31-ஆம் சங்கீதத்தின் 5-ஆம் வசனம்: "உமது கையில் என் ஆவியை ஒப்புவிக்கிறேன்." இயேசு உயிர்விடும்போது சொன்னதும் இதுதான். காலையில் எழப் பிடிக்காவிட்டால் 143. யாருமே நம்மைத் திரும்பிப் பார்க்கவில்லை என்று தோன்றும் நாளில் 25-ஐ மெதுவாக வாசியுங்கள். 23-ஐ எல்லோருக்கும் மனப்பாடமாகத் தெரியும் என்பதால் அதை வேகமாக ஒப்பித்துவிடுவோம். ஒரு நாளைக்கு ஒரு வசனமாகப் பிரித்து, ஆறு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கத்தோலிக்கர்களுக்கு ஜெபமாலை இருக்கிறது. 53 முறை அருள்நிறை மரியே சொல்லும்போது மனம் அங்கே இங்கே ஓடும்; ஓடட்டும். விரல் மணியைப் பிடித்திருக்கும்வரை திரும்பி வந்துவிடலாம். முழு மாலையும் முடியவில்லையா, ஒரு பத்துமணி போதும். கீழைத் திருச்சபையினர் தலைமுறைகளாகச் சொல்லிவரும் சின்ன ஜெபம் ஒன்றும் உண்டு: "கர்த்தராகிய இயேசு கிறிஸ்துவே, தேவகுமாரனே, பாவியாகிய என்மேல் இரங்கும்." மூச்சை இழுக்கும்போது பாதி, விடும்போது பாதி. எல்ஆர்டியில் நின்றுகொண்டே சொல்லலாம்.

கீர்த்தனை தெரிந்தவர்கள் பாடுங்கள், குரல் எப்படி இருந்தாலும் சரி. வைணவக் குடும்பத்திலிருந்து கிறிஸ்துவிடம் வந்த எச். ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900), "அத்தா, உன்னையல்லால் எனக்கு யார் துணை, யார் உறவே" என்று பாடினார். சொந்தபந்தம் எல்லாம் சூழ்ந்திருக்கும் ஆராதனையில் அதைப் பாடுவது வேறு. இரவு எட்டு மணிக்கு ஒற்றை அறையில் பாடிப் பாருங்கள். அந்தக் கேள்வி உங்களுடையதாகவே இருக்கும்.

புத்தாண்டு ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. அதைக் கண்ணாடியில் ஒட்டி வைத்திருப்பது நல்லதுதான். ஆனால் அதையே வருடம் முழுக்கப் பிடித்துக்கொண்டு, இன்னும் நடக்கவில்லையே என்று நாள் எண்ணினால் மனம் உடைந்துபோகும். அந்த வசனம் வருகிற முழு அதிகாரத்தையும் ஒரு முறை வாசித்துவிடுங்கள்.

படி 4: கனமான நேரத்தைக் கண்டுபிடியுங்கள்

தனிமை நாள் முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. பலருக்கு அது பொழுது சாயும் நேரம். இங்கே வருடம் முழுக்க ஏழு, ஏழரைக்குள் இருட்டிவிடும். பக்கத்து வீடுகளில் தாளிக்கும் வாசனை வரும், பிள்ளைகளைக் கூப்பிடும் சத்தம் கேட்கும், நம் வீடு மட்டும் அமைதியாக இருக்கும். சிலருக்கு அது ஞாயிறு மதியம், ஆராதனை முடிந்து வீட்டுக்குள் நுழையும் நேரம். ஷிஃப்ட் வேலைக்காரர்களுக்குக் காலை ஒன்பது மணியாக இருக்கலாம்.

ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள். எந்த நேரம் கனமாக இருக்கிறதோ அந்த நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னாலேயே ஜெபத்துக்கு உட்காருங்கள். வந்து அழுத்திய பிறகு உட்காருவது கஷ்டம். "அந்தி சந்தி மத்தியான வேளைகளிலும்" முறையிடுவேன் என்கிறார் சங்கீதக்காரர் (55:17). அவருக்கும் நேரம் குறித்து வைத்திருக்கும் பழக்கம் இருந்திருக்கிறது. வீட்டில் ஒரே நாற்காலி, ஒரே மூலை. பத்து நிமிடம் போதும், முடிந்ததும் எழுந்து ஏதாவது வேலையைப் பாருங்கள்.

ஒன்றுமே உணராமல் எழும் நாட்கள் நிறைய வரும். அதை வைத்து ஜெபத்தை அளக்க வேண்டாம். கெத்செமனேயில் இயேசு ஒரே ஜெபத்தை மூன்று முறை ஜெபித்தார்.

படி 5: சபைக்குள் உங்களுக்கென்று ஓர் இடம்

கோலாலம்பூர் இதில் கொடுத்துவைத்த ஊர். பிரிக்பீல்ட்ஸில் 1924-ல் கட்டிய சீயோன் லுத்தரன் ஆலயம், தமிழ் மெதடிஸ்டு ஆலயம், ஜாலான் ராபர்ட்சனில் புனித அந்தோணியார் ஆலயம், செந்தூலில் புனித சூசையப்பர் ஆலயம் என்று தமிழில் தொழுதுகொள்ள இடத்துக்குக் குறைவில்லை. இவை எப்படி வந்தன என்று யோசித்துப் பாருங்கள். ரயில்வேயிலும் தோட்டங்களிலும் வேலை செய்யத் தமிழ்நாட்டிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் கப்பலேறி வந்தவர்கள், ஊரையும் உறவையும் விட்டுவந்த இடத்தில் தங்கள் மொழியில் ஜெபிக்க ஓர் இடம் வேண்டும் என்று சேர்த்த காசு அதில் இருக்கிறது. தனியாக வந்தவர்களுக்கு அந்த வாசல் புதிதல்ல.

ஆனால் ஞாயிறு ஆராதனைக்குச் சரியான நேரத்துக்கு வந்து, ஆசீர்வாதம் முடிந்ததும் கிராப் பிடித்துப் போய்விட்டால் ஒன்றும் மாறாது. கால்மணி நேரம் முன்னால் வாருங்கள். ஒவ்வொரு வாரமும் ஒரே பெஞ்சில் உட்காருங்கள். பக்கத்து பெஞ்சுக்காரர்களுக்கு உங்கள் முகம் பழகிவிடும், வராத வாரம் தேடுவார்கள். முடிந்ததும் தேநீருக்கு நில்லுங்கள். நிற்பதுதான் எல்லாவற்றிலும் கடினம், கப்பைப் பிடித்துக்கொண்டு யாரிடம் பேசுவதென்று தெரியாது. அதற்கு ஒரே மருந்து ஒரு வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்வது. நாற்காலி அடுக்குவது, பாட்டுப் புத்தகம் கொடுப்பது, சமையலறையில் கப் கழுவுவது, எதுவானாலும் சரி. "அக்கா, அந்தத் தட்டை இப்படிக் கொடுங்க" என்று தொடங்கும் பேச்சு, "எப்படி இருக்கீங்க" என்பதைவிட வெகுதூரம் போகும்.

அதைவிட முக்கியம் சின்னக் கூட்டம். வீட்டு ஜெபக் கூட்டம், செல் குரூப், கத்தோலிக்கர்களுக்கு பி.இ.சி. என்ற அக்கம்பக்கச் சிறு சமூகக் கூட்டம். நூற்றுக்கணக்கானவர்கள் கைதட்டிப் பாடும் பெரிய ஆராதனை, மனம் நொந்திருப்பவரை இன்னும் தனியாக்கிவிடலாம் என்பது என் கருத்து. எட்டுப் பேர் உட்கார்ந்து, ஆளுக்கொரு வசனம் வாசித்து, வடையோ மீ கோரெங்கோ சாப்பிட்டுவிட்டுக் கலையும் கூட்டத்தில் ஒருவர் பேசாமல் இருந்தாலும் கண்ணில் படுவார். உங்கள் தாமானுக்குப் பக்கத்தில் எது நடக்கிறது என்று சபை அலுவலகத்தில் கேளுங்கள்.

புனித அன்னம்மாளின் திருவிழாவுக்கு ஜூலையில் புக்கிட் மெர்தாஜாம் போவது பல குடும்பங்களின் வழக்கம். 26-ஆம் தேதிதான் திருநாள். அந்த மெழுகுவர்த்திப் பவனியில் நிற்பது பெரிய ஆறுதல்தான். தனியாகப் போகாதீர்கள். சபைப் பேருந்திலோ ரயிலிலோ கூட்டத்தோடு போங்கள். போகவர ஆகும் மணிக்கணக்கில்தான் பழக்கம் ஏற்படும்.

படி 6: வாய்திறந்து கேளுங்கள்

சிறையிலிருந்த பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் கடைசி அதிகாரத்தைப் பாருங்கள். தேமா என்னை விட்டுப் போய்விட்டான், லூக்கா மாத்திரம் என்னோடு இருக்கிறான் என்று மறைக்காமல் எழுதுகிறார். சீக்கிரம் வா, மாற்குவையும் கூட்டி வா, துரோவாவில் கார்ப்பு வீட்டில் விட்டுவந்த மேலங்கியை எடுத்து வா, புத்தகங்களையும் கொண்டு வா, மாரிகாலத்துக்கு முன்னே வந்துவிடு. இத்தனை விசுவாசமுள்ள மனிதர், கர்த்தர் எனக்குத் துணை நின்றார் என்று அதே பக்கத்தில் எழுதுகிறவர், மேலங்கியையும் ஆளையும் பெயர் சொல்லிக் கேட்கிறார். கர்த்தர் துணை நிற்பதும் மாற்கு வருவதும் அவருக்கு ஒன்றுக்கொன்று முரணாகத் தெரியவில்லை.

"எனக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்று பொதுவாக அனுப்பினால் கைகூப்பிய படம் ஒன்று பதிலாக வரும். குறிப்பாகக் கேளுங்கள். போதகருக்கோ பங்குத்தந்தைக்கோ வாட்ஸ்அப்பில் இப்படி எழுதலாம்: "பாஸ்டர், ஸ்தோத்திரம். கொஞ்ச நாளாக ரொம்பத் தனிமையாக இருக்கிறது. இந்த வாரம் ஒரு நாள் அரைமணி நேரம் வீட்டுக்கு வந்து ஜெபிக்க முடியுமா? புதன் அல்லது வியாழன் மாலை இருப்பேன்." நாளும் நேரமும் இருந்தால் பதில் வரும். வயதானவர்கள், நடக்க முடியாதவர்கள் நற்கருணையை வீட்டுக்குக் கொண்டுவரும்படியும் கேட்கலாம். அது சபையின் கடமை, சலுகை அல்ல. ஒருவர் பதில் சொல்லவில்லை என்றால் இன்னொருவரைக் கேளுங்கள். கெத்செமனேயில் இயேசுவும் மூன்று பேரை என்னோடு விழித்திருங்கள் என்று கேட்டார், மூவரும் தூங்கிவிட்டார்கள். கேட்டதில் தவறில்லை.

படி 7: நோட்டில் மூன்று பெயர்

உங்களைப் போலவே தனியாக இருக்கும் மூன்று பேரின் பெயரை எழுதி, தினமும் பெயர் சொல்லி ஜெபியுங்கள். வாரத்தில் ஒருவருக்கு போன் போடுங்கள். "உங்களுக்காக ஜெபிச்சேன், அதான் கூப்பிட்டேன்" என்றால் போதும்.

படி 8: மருத்துவரையும் பார்க்க வேண்டிய நேரம்

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டுப்போய், பிடித்த எதிலும் மனம் செல்லாமல், எழுந்து குளிக்கக்கூட முடியாமல் இருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். விசுவாசக் குறைவு என்று யார் சொன்னாலும் காதில் வாங்க வேண்டாம். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவரை யாரும் அவிசுவாசி என்பதில்லை. அரசாங்க கிளினிக் கெசிஹாத்தானில் குடிமக்களுக்கு வெளிநோயாளிக் கட்டணம் 1 ரிங்கிட். அங்கிருந்து மனநலப் பிரிவுக்கு எழுதித் தருவார்கள்.

செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் வந்தால் காத்திருக்காதீர்கள். மனம் விட்டுப் பேச உதவும் கோலாலம்பூர் பிஃப்ரண்டர்ஸ் அமைப்பின் எண் 03-7627 2929, 24 மணி நேரமும் எடுப்பார்கள். சுகாதார அமைச்சின் ஹீல் என்ற மனநல உதவி எண் 15555. அரசாங்கத்தின் தாலியான் காசே உதவி எண் 15999. போலீஸ் வழக்காகிவிடுமோ என்ற பழைய பயம் இனி வேண்டாம். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவை 2023-ல் நீக்கிவிட்டார்கள்.

படி 9: பண்டிகை நாட்களை முன்கூட்டியே நிரப்புங்கள்

பெரிய வெள்ளிக்கு சபாவிலும் சரவாக்கிலும் விடுமுறை உண்டு, இங்கே இல்லை. லீவு போடாவிட்டால் எல்லோரும் சிலுவைத் தியானத்தில் இருக்கும்போது நீங்கள் ஆபீஸில் இருப்பீர்கள். லெந்து தொடங்கும்போதே லீவு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

கிறிஸ்மஸ் அதைவிடக் கஷ்டம். கேரல் குழு வந்து பாடிவிட்டுப் போனதும், 25-ஆம் தேதி மதியம் எல்லோரும் அவரவர் குடும்பத்தோடு உட்கார்ந்திருப்பார்கள். அந்த மதியச் சாப்பாடு எங்கே, 31-ஆம் தேதி இரவு ஆராதனைக்கு யாரோடு போய் யாரோடு திரும்புவது என்பதை நவம்பரிலேயே முடிவு செய்யுங்கள். யாரும் கூப்பிடக் காத்திருக்காமல், நோட்டில் உள்ள அந்த மூன்று பேரையும் நீங்களே கூப்பிடுங்கள். ஒருவர் பிரியாணிக்கு அரிசி வாங்கட்டும், ஒருவர் கோழி, ஒருவர் கேக். வீடு சின்னதாக இருக்கிறதே என்றால், ஆலய மண்டபத்தை அன்று மதியம் திறந்து வைக்கும்படி சபைச் செயலாளரிடம் இப்போதே கேட்டு வையுங்கள். திறந்தால் இன்னும் பத்துப் பேர் வருவார்கள்.